ஹால்ல மக்காச்சோளம் வளர்க்க முடியுமா? ஜன்னல் ஓரம் வச்ச நாத்து சாய்ஞ்சுகிட்டே போகுது

வேளச்சேரி_பால்கனி:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க சென்னை வேளச்சேரில அபார்ட்மெண்ட்ல மூணாவது மாடில இருக்கோம், மொட்டை மாடில தொட்டி வைக்க அசோசியேஷன்ல ஒத்துக்கல, அதனால செடின்னா எங்களுக்கு ஹாலும் ஒரு பால்கனியும்தான். என் பொண்ணு மூணாங்கிளாஸ் படிக்கிறா. ஸ்கூல்ல விதை முளைக்கிற பாடம் வந்ததும் பாப்கார்ன் பொரிக்க வாங்கி வச்சிருந்த மக்காச்சோளத்துல ஒரு கைப்பிடி எடுத்து ராத்திரி தண்ணில ஊறப்போட்டு, காலைல ஒரு ஐஸ்கிரீம் டப்பால மண்ணு நிரப்பி நட்டு வச்சா. அஞ்சாறு நாள்ல முக்கால்வாசி முளைச்சு மேல வந்துருச்சு, மொதல்ல இறுக்கமா சுருண்ட கூரான குருத்து, அப்புறம் அது பிரிஞ்சு ரெண்டு இலை, பாக்கவே அவ்ளோ அழகா இருந்துச்சு. இப்போ ஒவ்வொண்ணும் ஒரு அடிக்கு மேல இருக்கு ஆனா தண்டு நூலா இருக்கு, எல்லாம் ஜன்னல் பக்கமே சாயுது, டப்பாவ திருப்பி வச்சா மறுநாள் அந்தப் பக்கம் சாயுது. இலை வெளிர் பச்சையா போகுது.

என் ஆசை என்னன்னா ஹால்ல டிவி பக்கத்துல ஒரு நல்ல தொட்டில இத மத்த வீட்டுச் செடி வைக்கிற மாதிரியே வச்சு வளர்க்கணும். பொண்ணுக்கு கதிர் வர்றதப் பாக்கணும், தினமும் எழுந்ததும் அதுகிட்டதான் போறா. இது நடக்கிற காரியமா? லைட் எதாச்சும் வாங்கி மாட்டினா சரியாகுமா? இன்னொண்ணு, காலைல பாத்தா இலை நுனில ஒவ்வொரு சொட்டு தண்ணி நிக்குது, ராத்திரி நாங்க யாரும் தண்ணி தெளிக்கல, இது எதாச்சும் நோயா? வீட்டுல பூனை வேற இருக்கு, அது இலையக் கடிச்சு இழுக்குது, அதுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


மாடித்தோட்டம்_கோவை:

வணக்கம் சிஸ். மொதல்ல பயப்படாதீங்க, உங்க செடிக்கு நோய் எதுவும் இல்ல. அந்தத் தண்ணி சொட்டு செடியே வெளிய விடுறது. ராத்திரி இலை வழியா தண்ணி ஆவியாகிறது நின்னு போயிரும், ஆனா ஈர மண்ணுல வேர் உறிஞ்சிகிட்டேதான் இருக்கும், அந்த அழுத்தத்துல நுனில இருக்கிற சின்ன துவாரம் வழியா சொட்டா வந்து நிக்கும். நெல்லு, புல்லு, மக்காச்சோளம் எல்லாத்துலயும் காலைல இத பாக்கலாம். வேர் நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம், பொண்ணுக்கு ஒரு லென்ஸ் வாங்கிக் குடுத்து காட்டுங்க, வெயில் ஏறுறதுக்குள்ள காட்டணும்.

சாயுறதுக்கு காரணம் வெளிச்சம், வேற ஒண்ணுமே இல்ல. ஊர்ல அம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவாங்கல்ல, இருட்டு ரூம்ல வச்சு ஜன்னல கூட சாத்தி வளர்ப்பாங்க, அப்பதான் பயிர் மஞ்ச மஞ்சேன்னு நெடுநெடுன்னு மேல எழும்பும், அந்த உயரமும் மஞ்சளும்தான் முளைப்பாரிக்கு அழகு. உங்க ஹால்ல நடக்கிறதும் அதேதான், கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறதால முழு மஞ்சளா போகாம வெளிர் பச்சையா நிக்குது. விதைக்குள்ள இருக்கிற மாவுச்சத்த வச்சு மொத ரெண்டு வாரம் வளர்ந்துரும், அதனாலதான் ஆரம்பத்துல அவ்ளோ அழகா இருந்துச்சு. அது தீர்ந்ததுக்கு அப்புறம் இலை சம்பாதிச்சாதான் சாப்பாடு, அதுக்கு வெயில் வேணும்.

எவ்ளோ வேணும்னு ஒரு கணக்கு சொல்றேன். லக்ஸ்ங்கிறது ஒரு இடத்துல விழுற வெளிச்சத்த அளக்கிற அலகு, உச்சி வெயில்ல திறந்த வெளில சுமார் 1 லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். ஜன்னல விட்டு ஒரு மீட்டர் உள்ள தள்ளி வந்தா ஒண்ணு ரெண்டு ஆயிரம்னு இறங்கிரும், டிவி பக்கத்துல சில நூறுதான் இருக்கும், நம்ம கண்ணு அத சரி பண்ணிக்கிறதால நமக்கு வித்தியாசம் தெரியறது இல்ல. கொசு வலை அடிச்சிருந்தா அது வேற கணிசமா குறைக்கும். போன்ல லக்ஸ் மீட்டர் ஆப் இலவசமாவே கிடைக்கும், துல்லியமா காட்டாது ஆனா ஹாலுக்கும் பால்கனிக்கும் உள்ள வித்தியாசம் பாத்தீங்கன்னா தூக்கிவாரிப் போடும். மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட் எல்லாம் காட்டுல பெரிய மரத்து நிழல்ல வளர்ந்த வம்சம், அதுக்கு சில நூறு லக்ஸே போதும். மக்காச்சோளம் மெக்சிகோவுல திறந்த வெயில்ல வளர்ந்த ஒரு புல்லுல இருந்து சுமார் 9,000 வருஷத்துக்கு முன்னாடி மனுஷன் எடுத்து வளர்த்தது, எவ்ளோ வெயில் குடுத்தாலும் வாங்கிக்கிற செடி. அத டிவி பக்கத்துல நிறுத்தி வைக்கிறது அதுக்கு பட்டினிதாங்க.

அதனால என் கருத்து, ஹால்ல வேணாம், பால்கனி கம்பி ஓரமா வைங்க. எடுத்த எடுப்புல நேரா வெயில்ல வச்சிராதீங்க, இலை வெளுத்துக் கருகிரும், மொத ரெண்டு மூணு நாள் காலை வெயில் மட்டும் காட்டி அப்புறம் முழுசா விடுங்க. பால்கனி எந்தத் திசைன்னு சொல்லுங்க, அத வச்சு மேற்கொண்டு பேசலாம்.


பெரம்பலூர்_விவசாயி_மகன்:

மேல அக்கா/அண்ணன் யாரோ சொன்னது சரிதாங்க. எங்க மாவட்டத்துல எங்க பாத்தாலும் மக்காச்சோளம்தான், சின்ன வயசுல இருந்து அதுக்குள்ளயே வளர்ந்தவன்ங்கிறதால கதிர் விஷயத்த மட்டும் நான் சொல்றேன், ஏன்னா அதுலதான் டவுன்ல வளர்க்கிறவங்க நிறைய பேரு ஏமாந்து போறாங்க. செடி நல்லா ஆளுயரம் வரும், கதிரும் வரும், மட்டைய உரிச்சுப் பாத்தா உள்ள அங்கொண்ணு இங்கொண்ணு பல்லு விழுந்தாப்ல மணி இருக்கும்.

மக்காச்சோளத்துல ஆண் பூ வேற பொண் பூ வேற. உச்சில விரியுற கொண்டை ஆண் பூ, அதுல இருந்து மகரந்தம் மஞ்சத் தூளா கொட்டும். நடுத்தண்டுல இலைக் கக்கத்துல வர்ற கதிர்தான் பொண் பூ, அதோட நுனில தொங்குற நூல் இருக்கே, ஒரு நூலுக்கு ஒரு மணி. அந்த நூலு ஒவ்வொண்ணும் உள்ள ஒரு மணி உக்கார வேண்டிய இடத்துல போய் முடியும். எந்த நூல்ல மகரந்தம் விழலையோ அந்த மணி வராது, அவ்ளோதான் கணக்கு. இத உங்க பொண்ணுக்கு சொல்லுங்க, ஒரு கதிர வாங்கி வரிசைய எண்ணச் சொல்லுங்க, 12, 14, 16ன்னு எப்பவும் ரெட்டைப்படையாத்தான் வரும், எண்ணிப் பாத்தா ரொம்ப சந்தோஷப்படும்.

இந்த மகரந்தத்தக் கொண்டு போறது தேனீயோ வண்டோ இல்ல, காத்துதான். காட்டுல 60க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளில ஏக்கருக்கு 26,000 செடிக்கு மேல நிக்கும், எந்தக் காத்து எப்படி அடிச்சாலும் எதாச்சும் ஒரு கொண்டைல இருந்து தூள் வந்து விழுந்துரும். வீட்டுக்குள்ள காத்தும் இல்ல, நிக்கிறது நாலு செடி, அதுலயும் வெயில் பத்தலைன்னா இன்னொரு சிக்கல், கொண்டை முன்னாடியே பூத்துக் கொட்டிரும், நூல் பல நாள் கழிச்சு மெதுவா எட்டிப்பாக்கும். சாதாரணமாவே கொண்டை ஒண்ணு ரெண்டு நாள் முந்தும், நிழல்லயோ தண்ணி இல்லாமயோ வாடுன செடில இந்த இடைவெளி இன்னும் அதிகமாகும். நூல் வர்ற நேரத்துல தூள் மிச்சம் இருக்காது.

பால்கனில பண்றதா இருந்தா கையால போட்டுவிடணும். காலைல பனி காஞ்சதும் ஒரு எட்டரை ஒன்பது மணிக்கு கொண்டையத் தாழ்த்தி ஒரு பேப்பர் கவர்க்குள்ள விட்டு லேசா தட்டுங்க, தூள் கொட்டும், அத அப்பவே அடுத்த செடியோட நூல் மேல தூவுங்க. அப்புறம் பாத்துக்கலாம்னு எடுத்து வச்சிராதீங்க, மகரந்தத்துக்கு ஆயுசு சில மணி நேரம்தான், சித்திரை வெயில்ல அதுக்கும் கம்மி. நூல் எல்லாம் ஒரே நாள்ல வராது, கதிரோட அடில இருக்கிற மணியோட நூல் மொதல்லயும் நுனி நூல் கடைசிலயும் வரும், அதனால நாலஞ்சு நாள் தொடர்ந்து பண்ணணும். அதனாலதான் சொல்றேன் ஒத்தச் செடி வேலைக்கு ஆகாது, குறைஞ்சது எட்டுப் பத்து செடியாச்சும் கூட்டமா வைங்க, வரிசையா கம்பி ஓரமா நீட்டி வைக்காம சதுரமா நெருக்கி வைங்க.

தண்டு அடில தரைக்கு மேல கணுல இருந்து விரல் விரலா வேர் கிளம்பும், அத வெட்டிராதீங்க, செடிய சாயாம முட்டுக் குடுக்கிற வேர் அது. மண்ணு கொஞ்சம் அணைச்சு விட்டா போதும்.


வேளச்சேரி_பால்கனி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. நூலுக்கு ஒரு மணிங்கிறது எனக்கே இப்பதான் தெரியும், இத்தனை வருஷமா சுட்ட சோளம் சாப்பிடும்போது அந்த முடிய உருவிப் போட்டுட்டுதான் சாப்பிட்டிருக்கோம். பொண்ணு காலைல மார்க்கெட்ல வாங்கின கதிர்ல எண்ணினா, 14 வந்துச்சு, இன்னொண்ணுல 16.

எங்க பால்கனி தெற்கு பாத்தது, கிட்டத்தட்ட நாலடி அகலம் இருக்கும், மேல அடுத்த மாடி பால்கனி கூரையா நிக்குது. கோடை லீவுல பாத்தப்ப நேர் வெயிலே விழலைங்க, நல்ல வெளிச்சம் இருக்கும் அவ்ளோதான். அதனாலதான் ஹாலும் பால்கனியும் ஒண்ணுதானேன்னு ஹால்ல வச்சோம். இதுல சோளம் வருமா?


பிசிக்ஸ்_வாத்தியார்_மதுரை:

தெற்கு பால்கனின்னு சொன்னதால உள்ள வரேன் அம்மா. நம்ம ஊர்ல தெற்குன்னா வெயில் தெற்குல இருந்துதான் வரும்னு வெளிநாட்டு வீடியோக்கள்ல சொல்றத அப்படியே எடுத்துக்க முடியாது. சென்னை 13 டிகிரி வடக்குல இருக்கு. ஏப்ரல் கடைசி வாரத்துல மத்தியானம் சூரியன் நேர் தலைக்கு மேல வரும், அதுக்கப்புறம் ஆகஸ்ட் மூணாவது வாரம் வரைக்கும் மத்தியான சூரியன் உங்களுக்கு வடக்குப் பக்கம் இருக்கும். அந்த நாலு மாசமும் தெற்கு பால்கனில நேர் வெயில் கிடையாது, வடக்கு பாத்த வீட்டுக்காரங்களுக்குத்தான் அடிக்கும். நீங்க கோடை லீவுல பாத்தது முழுக்க உண்மை, ஆனா அது வருஷம் பூரா அப்படி இல்ல.

இப்போ மார்கழிய எடுத்துக்குங்க. டிசம்பர் 21 மத்தியானம் சூரியன் தெற்குல சுமார் 54 டிகிரி உயரத்துலதான் நிக்கும். உங்க கூரை தரைல இருந்து 10 அடி உயரம்னு வச்சுகிட்டா கூரை விளிம்புல இருந்து உள்ள 7 அடி தூரம் வரைக்கும் தரைல வெயில் விழும், அதாவது நாலடி பால்கனி பூரா நனைஞ்சு ஹாலுக்குள்ளயும் வெயில் வரும். பங்குனில, மார்ச் 21 வாக்குல, அதே கணக்குல ரெண்டேகால் அடிதான். எதிர்ல உயரமான கட்டடம் இல்லாம இருந்தா உங்க பால்கனிக்கு அக்டோபர் நடுவுல இருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் நல்ல வெயில் காலம்.

ஆனா சென்னைல ஐப்பசி கார்த்திகை மழை மேகத்துல போயிரும், அதையும் பாக்கணும். அதனால மார்கழி நடுவுல விதைங்க, மழை ஓஞ்சு வானம் தெளிஞ்சிருக்கும், வெயில் சாய்ஞ்சு உள்ள வரும், சூடும் மட்டா இருக்கும். சின்ன பரிசோதனை ஒண்ணு, பால்கனில தொட்டி வைக்கப் போற இடத்துல பொண்ண நிக்க வச்சு காலைல இருந்து மணிக்கொரு தடவ நிழல் அழுத்தமா விழுதான்னு நோட்டுல குறிச்சு வைக்கச் சொல்லுங்க. நிழல் ஓரம் கூர்மையா விழுந்தா நேர் வெயில், மங்கலா இருந்தா வெறும் வெளிச்சம். ஆறு மணி நேரம் கூர்மையா விழுற இடத்துல சோளம் வைக்கலாம். இத மாசத்துக்கு ஒரு நாள் செஞ்சு வச்சாலே அந்தப் புள்ளைக்கு அயனம்னா, அதாவது சூரியன் வருஷத்துல வடக்கும் தெற்குமா நகர்றதுன்னா, என்னன்னு புத்தகம் இல்லாம புரிஞ்சிரும்.


டொரண்டோ_தமிழ்:

லைட் பத்தி கேட்டிருந்தீங்க, அதுக்கு நான் சொல்றேன். இங்க கனடாவுல மே மாசம் வரைக்கும் உறைபனி பயம் இருக்கிறதால ஏப்ரல்ல வீட்டுக்குள்ள லைட் போட்டு நாத்து வளர்க்கிறது எல்லாருக்கும் பழக்கம், நானும் பேஸ்மெண்ட்ல தக்காளி, கத்தரி, மிளகாயோட கொஞ்சம் மக்காச்சோளமும் போடுவேன். நாத்து பருவம் வரைக்கும் லைட்ல நல்லாவே வரும். கதிர் வரைக்கும் கொண்டு போகணும்னா அது வேற கதை.

வீட்டுல போடுற 20 வாட் எல்ஈடி ட்யூப் சுமார் 2,000 லூமன் (லைட்டுல இருந்து வர்ற மொத்த வெளிச்சம்) குடுக்கும், அத ஒரு சதுர மீட்டர் மேல முழுசா விழ வச்சாலும் 2,000 லக்ஸ்தான், கோவைக்காரங்க சொன்ன 1 லட்சத்தோட வச்சுப் பாருங்க. ஆன்லைன்ல கிளிப் போட்டு மாட்டுற ஊதா கலர் குட்டி லைட்டு விக்கிறாங்களே, அது கீரைக்கும் துளசிக்கும் ஓகே, சோளத்துக்கு ஒண்ணுமே இல்ல. ரெண்டடிக்கு ரெண்டடி இடத்துல நாலஞ்சு செடிய கதிர் வரைக்கும் கொண்டு போகணும்னா நிஜமாவே 200 வாட் இழுக்கிற நல்ல க்ரோ லைட் வேணும், தினம் 14 மணி நேரம் எரிஞ்சா 2.8 யூனிட், மாசம் 84 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 168. கரண்ட் பில்லு நல்லாவே ஏறும். அதுலயும் செடி ஆறேழு அடி உயரம், லைட்ட மேல மேல தூக்கிகிட்டே போகணும், உச்சி இலைக்கு கிடைக்கிற வெளிச்சம் கீழ் இலைக்கு கிடைக்காது. சூரியன் சும்மா குடுக்கிற ஊர்ல இதுக்கு செலவு பண்ணாதீங்க.

குட்டை ரகம் தேடிப் பாக்கலாம். ப்ளூ ஜேட்னு ஒரு ஸ்வீட் கார்ன், டாம் தம்ப்னு ஒரு பாப்கார்ன், ரெண்டும் மூணடி மூணரை அடிதான் வரும், இங்க தொட்டில வளர்க்கிறவங்க அதைத்தான் வாங்குறாங்க. ஆராய்ச்சிக்குன்னே 2016ல அமெரிக்காவுல மிசௌரி யூனிவர்சிட்டில விதைல இருந்து விதைக்கு 60 நாள்ல முடியுற ஒரு குட்டிச் சோளம் உருவாக்கியிருக்காங்க, பெருசா இடம் இல்லாத லேப்ல வளர்க்கிறதுக்கு. சொல்லப்போனா வீட்டுக்குள்ள சோளம் வளர்க்கணும்ங்கிற உங்க ஆசை விஞ்ஞானிகளுக்கும் இருந்திருக்கு.


அண்ணாநகர்_பூனைவீடு:

பூனைக்கு மக்காச்சோள இலை விஷம் இல்லைங்க, பயப்பட வேணாம், ரொம்ப தின்னா வாந்தி எடுக்கும் அவ்ளோதான், அது எந்தப் புல்லுக்கும் உள்ளதுதான். ஆனா கடைல வாங்குற ஹைபிரிட் விதை மேல சிவப்பா ரோஸ் கலரா பூஞ்சை மருந்து பூசியிருப்பாங்க, அந்த விதையக் குழந்தை கையால தொட்டா உடனே சோப்புப் போட்டு கழுவ வைங்க, பூனை எட்டாத இடத்துல வைங்க.

இன்னொண்ணு. ஹால்ல பச்சையா உயரமா சோளச் செடி தோற்றத்துல எதாச்சும் வேணும்னா டிரசீனா வாங்குங்க, நர்சரில கார்ன் பிளான்ட்னே கேட்டா தருவாங்க, நடுவுல மஞ்ச கோடு போட்ட நீள இலை, கம்மி வெளிச்சத்துல வருஷக்கணக்கா நிக்கும். ஆனா அது பூனைக்கும் நாய்க்கும் ஆகாது, அதனால உங்க வீட்டுல உயரத்துலதான் வைக்கணும். கதிரெல்லாம் அதுல வராது.


மாடித்தோட்டம்_கோவை:

தெற்கு பால்கனி, மார்கழி விதைப்பு, வாத்தியார் சொன்னது அருமையான ஐடியா. அத வச்சு நான் ஒண்ணு சொல்றேன் சிஸ், பேபி கார்ன் போடுங்க. பெரம்பலூர் தம்பி சொன்ன மகரந்தப் பிரச்சனையே அதுல கிடையாது, ஏன்னா பேபி கார்ன்ங்கிறது மணி பிடிக்கிறதுக்கு முன்னாடியே பறிக்கிற பிஞ்சுக் கதிர். நூல் எட்டிப்பாத்து ஒண்ணு ரெண்டு நாள்ல, ரெண்டு மூணு சென்டிமீட்டர் நீளம் இருக்கும்போதே ஒடிச்சிரணும். விட்டா கட்டை மாதிரி ஆயிரும். காத்து வேணாம், கூட்டம் வேணாம், நாலு செடி வச்சாலும் நாலுலயும் கதிர் உண்டு, ஒரு செடில ரெண்டு மூணு கூட எடுக்கலாம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல கோபிசி 1னு பேபி கார்னுக்குன்னே ஒரு ரகம் விட்டிருக்காங்க. விதைச்சு 50 நாள் சுமாருக்கு அறுவடை ஆரம்பிச்சிரும்ங்கிறதால மார்கழில போட்டா மாசி முடியறதுக்குள்ள வேலை முடிஞ்சு வெயில் உங்க பால்கனிய விட்டு நகர்றதுக்குள்ள செடியும் முடிஞ்சிரும். பாப்கார்ன் செடிலயே கூட பிஞ்சுல ஒடிச்சா பேபி கார்ன்தான், ருசில பெருசா வித்தியாசம் தெரியாது.

18க்கு 18 இன்ச் க்ரோ பேக்ல நாலு செடி தாராளமா வைக்கலாம். செம்மண் ஒரு பங்கு, கோகோ பீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கை நிறைய வேப்பம்புண்ணாக்கு. வெறும் கோகோ பீட்ல போட்டா செடி வளர்ந்ததும் பை எடை தாங்காம காத்துக்கு கவுந்துரும், மூணாவது மாடி வேற, அதனால மண்ணு எடை வேணும். விதைய ஒன்றரை இன்ச் ஆழத்துல நேரா அந்தப் பையிலயே போட்டுருங்க, நாத்து விட்டுப் பிடுங்கி நட்டா வேர் அறுந்து ஒரு வாரம் சுணங்கும்.

சாப்பாடு நிறைய கேக்குற செடி. கீழ் இலைல நுனில இருந்து நடு நரம்போட மஞ்சள் உள்நோக்கி ஓடினா தழைச்சத்து (நைட்ரஜன்) பத்தலைன்னு அர்த்தம். எல்லாரும் கடலைப் புண்ணாக்கு ஊறவச்ச தண்ணி ஊத்தச் சொல்வாங்க, மொட்டை மாடில சரி, ஹாலோட ஒட்டின பால்கனில அந்த வாடை ரெண்டு நாள் வீட்டுல இருக்க விடாது. அதுக்குப் பதிலா பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவ ரெண்டு கைப்பிடி மண்புழு உரம் மேல தூவி மண்ண அணைச்சு விடுங்க. மத்தியானம் இலை நீளவாக்குல சுருண்டு நின்னா தாகம், சாயங்காலம் விரிஞ்சிருச்சுன்னா பரவாயில்ல, சாயங்காலமும் சுருண்டே இருந்தா தண்ணி பத்தல.

இப்ப டப்பால இருக்கிற நாத்து பத்தி. அதுல நல்லா இருக்கிற நாலஞ்ச மட்டும் விட்டுட்டு பால்கனிக்கு மாத்துங்க, புது இலை வெயில்ல தடிச்சு வந்துரும். பூனை கடிச்சதப் பத்தி கவலை வேணாம், அஞ்சாறு இலை வர்ற வரைக்கும் வளர்ற நுனி மண்ணுக்குள்ளயே இருக்கும், மேல இலை போனாலும் திரும்ப குருத்து விடும்.

ஹால்ல எதாச்சும் வச்சே ஆகணும்னு பொண்ணு கேட்டா அதுக்கும் வழி இருக்கு. பாப்கார்ன் விதைய ஒரு தட்டுல நெருக்கமா விதைச்சு மேல இன்னொரு தட்டக் கவுத்து இருட்டுலயே வளருங்க, நாலு இன்ச் வந்ததும் மஞ்சக் குருத்த வெட்டி பச்சையா சாப்பிடலாம், சக்கரை போட்ட இனிப்பு இருக்கும். வெளிச்சத்துல வச்சு பச்சையாச்சுன்னா கசந்துரும், அதனால இருட்டுலயே வெட்டணும். இதுக்கு கண்டிப்பா சாப்பிடுற பாப்கார்ன் விதைதான், மருந்து பூசின விதை கூடவே கூடாது.


பெரம்பலூர்_விவசாயி_மகன்:

பேபி கார்ன் நல்ல யோசனைண்ணே. ஒண்ணே ஒண்ணு சேத்துக்குறேன், மாடில இருந்தாலும் படைப்புழு வரும். 2018ல கர்நாடகாவுல மொதல்ல தென்பட்டு அந்த வருஷமே எங்க பக்கம் காட்டக் காடா அழிச்ச புழு அது, எங்க ஊர்ல அந்த வருஷம் சோளத்தட்டைய (செடியோட தண்ட) மாட்டுக்கு வெட்டிப் போட்டவங்க நிறைய பேரு, இன்னைக்கும் அந்தப் பேரக் கேட்டா பெரியவங்க முகம் மாறும். தாய்ப்பூச்சி ராத்திரில பறந்து எவ்ளோ தூரம் வேணும்னாலும் வரும். தினமும் குருத்துக்குள்ள எட்டிப் பாருங்க, மரத்தூள் கணக்கா ஈரமா எச்சம் கிடந்தாலோ, விரிஞ்ச இலைல வரிசையா ஓட்டை இருந்தாலோ உள்ள புழு இருக்கு. நாலு செடிக்கு மருந்தே வேணாம், ஒரு குச்சிய விட்டு எடுத்து நசுக்கிருங்க, குருத்துல ஒரு சிட்டிகை சாம்பல் போட்டு விடுங்க. இலைக்கு அடில பஞ்சு மூடின முட்டைக் குவியல் இருந்தா அப்பவே விரலால தேச்சுருங்க. இலைக் கக்கத்துல அசுவினி (சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சி) வந்தா வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கூட ரெண்டு சொட்டு சோப்பு விட்டு சாயங்காலமா அடிங்க.


வேளச்சேரி_பால்கனி:

எல்லாருக்கும் மனசார நன்றிங்க, இவ்ளோ விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. இப்ப இருக்கிறதுல அஞ்சு நாத்த பால்கனிக்கு மாத்திட்டோம், காலை வெயில் மட்டும். மார்கழிக்கு ரெண்டு க்ரோ பேக் வாங்கி எட்டு விதை போடப் போறோம். பொண்ணுக்கு மணியும் வேணுமாம், பேபி கார்னும் வேணுமாம், அதனால ஒரு பைல பிஞ்சுலயே ஒடிச்சிட்டு இன்னொரு பைல இருக்கிற நாலுக்கு பேப்பர் கவர் வச்சு மகரந்தம் போட்டுப் பாக்கலாம்னு இருக்கோம். ஒரு டவுட், ஒடிக்கப் போற பைல வர்ற கொண்டைய என்ன பண்றது, வெட்டணுமா விடணுமா?


பெரம்பலூர்_விவசாயி_மகன்:

பேபி கார்ன் காட்டுல கொண்டை வெளிய வந்ததும் உருவி மாட்டுக்குப் போட்டுருவாங்க, சத்து கதிருக்குப் போகட்டும்னு. ஆனா உங்களுக்கு அது வேணுமே, மணி வேணும்னு சொன்ன நாலு செடிக்கு தூள் பத்தாம போயிரும். அதனால எட்டு கொண்டையும் இருக்கட்டும், எல்லாத்துல இருந்தும் தட்டி அந்த நாலு செடியோட நூல்ல தூவுங்க. ரெண்டு பைலயும் ஒரே விதை போடுங்க, ஒண்ணுல ஸ்வீட் கார்ன் இன்னொண்ணுல பாப்கார்ன்னு கலந்துராதீங்க, பாப்கார்ன் தூள் விழுந்தா ஸ்வீட் கார்ன் மணி அந்த வருஷமே இனிப்பில்லாம மாவாயிரும். நூல் எட்டிப்பாத்து மூணு வாரம் வாக்குல, அது பழுப்பா காஞ்சிருக்கும்போது மட்டைய லேசா விலக்கி ஒரு மணிய நகத்தால கீறிப் பாருங்க, பால் வந்தா சுடுற பருவம். பாப்கார்னா வேணும்னா செடிலயே மட்டை நல்லா காயுற வரைக்கும் விட்ருங்க.